சன்னல் வழியாகக் கற்ற பயிற்சி

அலமாரியைத் துடைக்கும்போது அந்த மஞ்சள் ரப்பர் பட்டை கையில் அகப்பட்டது, அக்கா. எனக்கு மாரடைப்பு வந்து பிழைத்த பிறகு, கைகளால் இழுத்துப் பழகுவதற்காக ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நீ பூசிவைத்த பவுடர் வாசனை இன்னும் போகவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் ராஜபாளையத்திலிருந்து காலை பஸ்ஸில் போவோம். அத்தான் காலமான பிறகு நீ என்னோடு வந்து இருந்தாய். கல்யாணம் செய்துகொள்ளாத எனக்கும் வேறு ஆள் இல்லை. என்னைத் தனியே அனுப்ப உனக்குப் பயம். பயிற்சி அறைக்குள்ளே நாங்கள் பதினொரு ஆண்கள். வெளியே பெஞ்சில் எங்களைக் கூட்டி வந்த பெண்கள். மற்றவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், நீ மட்டும் சன்னல் கம்பி வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருப்பாய். பன்னிரண்டு வாரம் முடிந்தபோது என்னைவிட உனக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது. வீட்டில் நான் எண்ணிக்கையைக் குறைத்தால் அடுக்களையிலிருந்தே குரல் வரும்: "ஏலே, எட்டோட நிறுத்திட்ட. பத்து."

பயிற்சி கொடுக்கும் பெண் ஒருநாள் உன்னையும் உள்ளே வரச் சொன்னாள். "நோவு அவனுக்குத்தாம்மா" என்று சிரித்தாய்.

மறுவருஷம் அதே நெஞ்சு நோவு உனக்கு வந்தது. எனக்குப் பார்த்த டாக்டரே அதே பன்னிரண்டு வாரப் பயிற்சியை எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போதே நீ முடிவு சொல்லிவிட்டாய். அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் கையையும் காலையும் தூக்கிக்கொண்டு நிற்க உனக்கு ஏலாது; தவிர, காலையில் நீ கிளம்பிவிட்டால் சோறு யார் பொங்குவது? எனக்காகப் போனபோது விடியுமுன்னே பொங்கி வைத்தவள்தான் நீ. நான் மறுத்துப் பேசவில்லை. அக்காவுக்குத்தான் எல்லாப் பயிற்சியும் தெரியுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், சோறு பொங்கத் தெரியாத எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இதை எழுத இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

நூற்பாலை ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் அட்டவணை போட்டவன் நான். வீட்டு வேலையையே பயிற்சியாகக் கணக்கிட்டு உனக்கும் ஒன்று போட்டேன். வாசல் பெருக்க இத்தனை நிமிஷம், துணி துவைக்க இத்தனை, மாடிப்படிக்கு இத்தனை. மறுபரிசோதனையின்போது அதை டாக்டரிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்தார். "இது வேலை சார், பயிற்சி இல்ல. வேலை பாக்கும்போது நெஞ்சு வலிச்சா இவங்க நிறுத்துவாங்களா? பயிற்சியிலன்னா நாங்க பக்கத்திலேயே நின்னு நாடி பாப்போம்."

நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்று கேட்கவும் நினைத்துத்தான் அன்று போயிருந்தேன். கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன். வெளியே கூட்டம் நின்றது. ஒரே ஒரு ஆளுக்காகக் கேட்பது அதிகப்படி என்று பட்டது. "சரிங்க டாக்டர்" என்று எழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தாய். கடைசி நாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாய். வலி காலையிலேயே வந்திருக்கிறது. பக்கத்து வீட்டம்மா உட்காரச் சொன்னதற்கு, "இந்த வாளிய மட்டும் முடிச்சிருதேன்" என்றாயாம். பயிற்சிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாயா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

போன மாதம் தனியாகப் போய், பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவள் யோசிக்கக்கூட இல்லை. "ரெண்டு பேர் வந்தா போதும் சார், மத்தியானத்தில வச்சிரலாம். இதுவரைக்கும் யாரும் கேக்கலையே."

இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை அதே ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோவுக்கு மாத்திரை வாங்கும் வரிசையில் போய் நிற்கிறேன். வழி கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவன், முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சுக் கொடுக்கிறேன். மத்தியானப் பயிற்சிக்கு வருவீர்களா என்று பெண்களிடம் கேட்கத் தயங்கி, கூட வந்த ஆண்களிடம்தான் ஆரம்பிக்கிறேன். சேத்தூர்க்காரர் ஒருவர், "அவளுக்கு வீட்டு வேலையே அம்புட்டு கெடக்கு சார், இதுக்கு மேல என்ன பயிற்சி?" என்றார். அது பத்தாது என்றேன். அவர் முகம் சுண்டியது. அவருக்குப் பின்னால் நின்ற மனைவி என்னைப் பார்த்து, "மத்தியானம்னா நான் வாரேன்" என்றார்.

ஒருவர் ஆயிற்று. இரண்டாவது பெயரை யோசிக்கும்போதெல்லாம் உன் பெயர்தான் முதலில் வருகிறது, அக்கா. அதை ஒதுக்கிவிட்டு, வருகிற செவ்வாயும் போய்க் கேட்பேன்.