நிதாவை அழைத்து வராத காரணம்

நீலாம்பூர் பைபாஸ்,
கோயம்புத்தூர்.

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா இஸ்மத் பீவி அவர்களுக்கு, பஷீர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் ஏழாம் மாத விருந்து சாப்பிட்டுவிட்டு, தலைப்பிரசவத்துக்கு என் மகள் நிதாவை அழைத்துப் போக வந்த நான், அவளை வண்டியில் ஏற்றாமல் திரும்பிவிட்டேன். அவள் பெட்டி வாசல் வரை வந்துவிட்டது. மாப்பிள்ளை ரைஹான் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. சீரில் குறையா, விருந்தில் யாராவது முகம் சுளித்தார்களா என்று நினைத்திருப்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. பிரியாணியும் நன்றாகவே இருந்தது.

நேற்று போனில், "ஏனுங்க சம்பந்தி, கூட்டிட்டுப் போக வந்துபோட்டு வெறும் காரோட போனா ஊரு என்னங்க பேசும்? பாக்கு மண்டிக்காரி மருமகளை அடமானம் புடிச்சுக்கிட்டான்னு சொல்லாதுங்களா?" என்றீர்கள். நியாயமான பேச்சு. பிரசவம் உங்கள் ஊர் மேட்டுப்பாளையத்திலேயே நடக்கட்டும் என்று நான் கேட்டதற்கும் ஒத்துக்கொண்டீர்கள். ஆனால் காரணம் கேட்டீர்கள். என் மனைவி ஆமினா பக்கத்தில் இருந்ததால் நான் வாய் திறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போடுங்கள்.

எங்கள் வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கீழே டயர் கடை, மேலே வீடு, எதிரே ரோடு. பஞ்சர் ஒட்டி வந்த காசில் கட்டியது. காற்று நன்றாக வரட்டும் என்று ரோட்டுப் பக்கமே பெரிய ஜன்னலாக வைத்தேன். எண்பதுக்கு மேல் போகக் கூடாது என்று எதிரே போர்டு இருக்கிறது. நூறுக்குக் கீழே போகிறவனைத் தேட வேண்டும். வேகம் கூடினால் டயர் சீக்கிரம் தேயும், தேய்ந்தால் எனக்கு வியாபாரம். புது லாரி டயரையும் மொட்டையாகி வரும் டயரையும் தராசில் வைத்தால் பல கிலோ குறையும். தேய்ந்துவிட்டது என்று சொல்லி இத்தனை வருஷம் புதிது மாட்டிவிட்டேன். தேய்ந்தது எங்கே போனது என்று எந்த வியாபாரியும் கேட்பதில்லை.

போன கோடையில் பால வேலைக்காக ஒரு மாதம் இந்தப் பக்கம் வண்டிகளை நாற்பதில் விட்டார்கள். ஆமினா ஜன்னலைத் துடைத்த துணி வெறும் புழுதி நிறத்தில் இருந்தது. "ஏனுங்க, துணி இன்னைக்கும் கறுக்கலீங்க" என்று ஆச்சரியமாகக் காட்டினாள். வேலை முடிந்து வண்டிகள் பழைய வேகத்துக்கு வந்ததும் துணி மறுபடியும் கறுத்தது. அது மண் இல்லை, டயர் தேய்ந்த தூள். விரலில் தேய்த்தால் மை மாதிரி ஒட்டும்.

மூத்தவள் இல்மாவின் பிள்ளை நாற்பது நாள் கழிந்த சில நாளில் இந்த வீட்டில் மூச்சு நின்று மவுத்தானது உங்களுக்குத் தெரியும். நெஞ்சுச் சளி என்று எல்லோருக்கும் சொன்னோம். நான் பிறகு தனியாகப் போய் டாக்டரிடம் இந்தக் கறுப்பைப் பற்றிக் கேட்டேன். "கைக்குழந்தை நுரையீரல், ஒத்துக்காம போயிருக்கலாம் பாய். ஆனா இதுனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதுங்க" என்றார். சந்தேகப்பட்ட சரக்கை நான் கடைக்குள் விடுவதில்லை. மகள் வயிற்றுப் பிள்ளையை எப்படி விடுவேன்? கீழே கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது பாரம் ஏற்றிய லாரி போனால் மேலே ஜன்னல் கம்பி அதிர்ந்து இழுக்கிற சத்தம் கேட்கும். அந்தப் பிள்ளை கடைசியில் மூச்சு இழுத்த சத்தம் அதேதான். ஒரு நாளைக்கு எத்தனை லாரி போகிறது, பாருங்கள். இல்மா அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறவில்லை. காந்திபுரத்தில் வந்து இறங்கி, அம்மாவை அங்கேயே வரச் சொல்லிப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ் ஏறிவிடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் ஆமினா பையைத் திறந்து, "உன்ற தொட்டிலுக்கு எடுத்து வச்சிருக்கேன் கண்ணு" என்று ஒரு கொசுவலையை நிதாவிடம் காட்டினாள். அது இல்மா பிள்ளைக்குக் கட்டிய வலை. பலமுறை துவைத்திருக்கிறாள். அப்படியும் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சாம்பல். சாம்பல் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். நிதா அதை வாங்கி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். அந்த நொடியில்தான் முடிவு செய்தேன்.

இதை ஆமினாவிடம் சொல்ல முடியாது, சம்பந்தியம்மா. வீடு திரும்பியதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. "தாய் ஊட்டுல பிரசவம் பாக்க வக்கில்லாத குடும்பம்னு பேரு வாங்கிக் குடுத்துட்டீங்க" என்றாளே, அதுதான் கடைசி. அந்தக் கோபம் இருக்கட்டும். அந்தப் பிள்ளை அழும்போதெல்லாம் நல்ல காற்றுப் படட்டும் என்று ஜன்னலோரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் அவள். மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். தெரிந்தால் தாங்க மாட்டாள்.

வேறு வீடு சோமனூர்ப் பக்கம் உள்ளே தள்ளிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கடையை விட முடியாது, அதையும் மறைக்கவில்லை. அல்லாஹ் நிதாவையும் வரப்போகும் பிள்ளையையும் உங்கள் ஊர்க் காற்றில் நலமாக வைக்கட்டும்.

நாம் பேசி ஒத்துக்கொண்டதை இங்கே எழுதிவிடுகிறேன். பிரசவம் மேட்டுப்பாளையத்தில். ஆஸ்பத்திரிச் செலவு முழுதும் என்னுடையது, சாப்பாட்டுச் செலவை நீங்கள் விட்டுத்தர மறுத்தீர்கள், சரி. ஆமினா நாற்பது கழியும் வரை உங்கள் வீட்டில் இருப்பாள். கேட்பவர்களுக்கு, நிதா பிரயாணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்வோம். நான் புதிதாகச் சேர்ப்பது ஒன்று: பிள்ளையைப் பார்க்க வரும்போது உங்கள் கொல்லைக் குழாயில் குளித்து, உங்கள் வீட்டிலேயே வைத்திருக்கும் கைலியைக் கட்டிக்கொண்ட பிறகுதான் என் கையில் கொடுக்க வேண்டும். அவசரமாக வந்திருக்கிறேன், ஒரு தடவை மட்டும் என்று நானே கெஞ்சினாலும் கொடுக்கக் கூடாது.

இப்படிக்கு,
பஷீர்