மூன்றாவது சோதனை

செவிலிமேட்டு வீட்டில் வெந்நீர் போடும் ராடின் மேல் சுண்ணாம்பு வெள்ளையாக ஏறிவிட்டது. "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கலாம்பா" என்றாள் மகள். நான் சாயச் சாமான் கடைக்குப் போய் அந்த வெள்ளைத் தூளைக் கேட்டேன். பட்டு நூலில் தண்ணீரின் சுண்ணாம்பு படியாமலிருக்கச் சாயப் பட்டறைகளில் போடுவார்களே, நீங்கள் எனக்குக் காட்டியது, அதேதான். பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். உங்கள் சாவுச் செய்தி வந்த அன்று நான் இதே காஞ்சிபுரத்தில்தான் இருந்தேன். வரவில்லை.

நாம் வேலை பார்த்த எண்ணெய் வயலில் நாம் இருவர்தான் காஞ்சிபுரத்துக்காரர்கள். நான் ஆய்வுக்கூடத்தில், நீங்கள் பம்பில். எண்ணெயைத் தள்ளிவிட நிலத்துக்குள் தண்ணீர் செலுத்தும் கிணறு ஒன்று தண்ணீரை வாங்க மறுத்தது. பாறையின் துளைகளில் சுண்ணாம்பும் துருவும் அடைத்திருந்தன. மேலதிகாரி ஆசிட் விடச் சொன்னார்.

"ஆசிட்டு கொழாய்த் துருவையும் கரைச்சி இஸ்துக்கினு போவும் சார். ஆசிட்டு வேகம் அடங்கனா அந்தத் துரு எங்க போவும்? பாறைக்குள்ளியே குந்திக்கும்" என்றீர்கள். உங்கள் மாமனார் பட்டறையிலிருந்து ஒரு டப்பா தூள் கொண்டுவந்தீர்கள்.

அடைத்த பாறைத் துண்டில் இரண்டு முறை சோதித்தேன். தூள் சுண்ணாம்பையும் இரும்பையும் கவ்விப் பிடித்துத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டது. மறுபடி படியவிடவில்லை. இரண்டு முறையும் வழி திறந்தது. மூன்றாவது சோதனையும் முடியட்டும் என்றேன்.

"மூணாவது தபா தூளு இன்னா, மனசு மாத்திக்கப் போவுதா?"

மறுநாள் கூட்டத்தில், ஆசிட்டுக்குப் பதில் தூளைப் போடலாம் என்று நீங்களே எழுந்து சொன்னீர்கள். "கெணத்துக்குப் பட்டுப்புடவை கட்டி வுடப்போறியா?" என்றார் மேலதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "சாரே செஞ்சி பாத்துக்கிறாரு, கேளுங்க" என்று என்னைப் பார்த்தீர்கள். கேட்டார். "இன்னும் எதுவும் சொல்ல முடியாது" என்றேன். இரண்டு முடிவுகளும் எழுதிய தாள் என் நோட்டுக்குள் இருந்தது.

ஆசிட் விட்டு நாலு நாள் கிணறு நன்றாக வாங்கியது. பிறகு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொண்டது. பம்பை நீங்கள் வேகமாக ஓட்டியதுதான் காரணம் என்று எழுதி, உங்களைத் தொலைவான ஓர் இடத்துக்கு மாற்றினார்கள். அப்போதும் தாளை நான் எடுக்கவில்லை. "வுடுங்க சார், ஒங்க சுபாவம் அப்டி" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டீர்கள். திட்டியிருக்கலாம்.

பின்னால் வேறொரு கிணற்றுக்கு அதே தூளைப் பரிந்துரைத்தேன். திறந்துகொண்டது. என் நிதானத்தைப் பாராட்டினார்கள். உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. மூன்றாவது சோதனையைச் செய்யவே இல்லை. அதற்குத் தேவை என்றுமே இருந்ததில்லை.

இன்று காலை, தூள் கரைத்து ஊறவைத்த வாளியிலிருந்து ராடை எடுத்தேன். சுத்தமாக இருந்தது. தூள் மனசு மாறவில்லை. பழைய தாளில் காலியாகக் கிடந்த மூன்றாவது வரியில் அதை எழுதி, கீழே உங்கள் பெயரையும் எழுதினேன்.

தாளை உங்கள் மனைவியிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது, நான் சிரித்ததையும் சொல்ல வேண்டும். டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம்தான். இதை நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு பஸ் போய்விட்டது. மூன்றாவது வரட்டும் என்று இருக்கிறேன்.