124/80 என்று எழுதினேன்

நாள் 212. காலை 08:10
செவ்வாய் ஆய்வு நிலையம். பணியில் நான் ஒருவன்தான், கோமதிநாயகம். ஆக்ஸிஜன் சீர். வெளியே −61 டிகிரி. ரத்த அழுத்தம் 172/108. பூமிக்கு, வழக்கம்போல், 124/80 என்று எழுதினேன். மாத்திரை போட்டபோதே இங்கே வந்தபின் இறங்கவில்லை; அதை நிறுத்தி நான்கு மாதம். ஒரு தலைவலிகூட இல்லை. உண்மையைச் சொன்னால் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள்.

நாள் 289. காலை 07:40
சிறுநீரில் நுரை அடங்கவில்லை. பாதம் வீங்கி, காலணி நுழையவில்லை. 190/116. மறுபடி மாத்திரை போட ஆரம்பித்தேன்.

நாள் 301. பகல் 11:25
கிரியாட்டினின் 4.6. கிட்னியின் நிலையைக் காட்டும், ஒன்றையொட்டி இருக்க வேண்டிய எண். இதை மட்டும் பூமிக்குச் சொன்னேன். டாக்டர் செண்பகவல்லியின் பதில்:
"நாயகம், பிரஷர்தான் சத்தமில்லாம கிட்னிய அரிக்கும். கெட்ட கிட்னி பிரஷர இன்னும் ஏத்தும். ஆனா உங்க பிரஷர்தான் மாத்திரையில கட்டுக்குள்ள இருக்கே, பின்ன எப்படி? உப்ப நிறுத்துங்க. அடுத்த கப்பல்ல டயாலிசிஸ் மெஷின் வருது. ஏழு மாசம் இழுத்துப் பிடிச்சா பொழைச்சுக்கலாம்."
அப்போதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

நாள் 316. மாலை 16:05
வாயில் இரும்புச் சுவை. உடம்பெல்லாம் அரிப்பு. டாக்டர்:
"நாளன்னைக்குக் கப்பல் கிளம்புது. வர்ற மூணு பேருக்குமே பிரஷர் உண்டு, மாத்திரையில கட்டுக்குள்ள இருக்கு. மொதல்ல வேண்டாம்னுதான் சொன்னேன். உங்க அளவுகளப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்."

நாள் 316. மாலை 17:30
சொன்னால் கப்பல் நிற்கும். ஆளில்லாமல் அது ஓடாது; மாற்று ஆட்களைப் பழக்க நேரமில்லை. அடுத்த வாய்ப்பு இருபத்தாறு மாதம் கழித்து. அதுவரை நான் இருக்க மாட்டேன். சொல்லாவிட்டால் எனக்கு மெஷின் வரும், இங்கே மாத்திரை கேட்காமல் அந்த மூவருக்கும் என் கதி வரும். செய்தியை மூன்று முறை எழுதி அழித்தேன். எனக்குச் சாக விருப்பமில்லை.

நாள் 317. காலை 06:15
அனுப்பிவிட்டேன். எல்லா நாள் அளவுகளும், உள்ளபடி.

நாள் 318. பகல் 13:50
டாக்டரின் பதில்:
"கப்பல நிறுத்தியாச்சு. மூணு பேரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. உங்களத் திட்டணும்னுதான் உக்காந்தேன், முடியல. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, நாயகம். தினம் இந்த நேரத்துக்கு இங்கதான் இருப்பேன். பேசுங்க."

நாள் 341. பகல். மணி தெரியவில்லை
படுத்தால் மூச்சு முட்டுகிறது. உட்கார்ந்தே எழுதுகிறேன். எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. டாக்டர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்:
"நாயகம், கேக்குதா?"
கேட்கிறது. பதில் அங்கே வரப் பதினாலு நிமிஷம் ஆகும். எழுந்து போயிராதீங்க டாக்டர், நான் இன்னும்