கறுப்புத் துணிக்குள் இருந்து

20 ஜன. 87, செவ்வாய்
பனி. ஒன்பது மணி வரை ஸ்டூடியோவில் வெளிச்சமே இல்லை. இன்று கற்றது: காமிராவின் பின்புறக் கண்ணாடியில் உருவம் தலைகீழாக விழும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால்தான் தெரியும். இதைச் சொல்ல ஆபரேட்டர் எல்லப்பனுக்கு நான்கு நாள் ஆயிற்று. படம் கழுவும் மருந்தை எப்படிக் கலப்பது என்று கேட்டால், "அதெல்லாம் கைப்பழக்கம்மா. நீங்க வூட்ல சாமி கும்பிட்டுக்கினு இருங்க." ஸ்டூடியோவை நடத்திய என் கணவர் இருந்தவரை இவனுக்கு இந்த வாய் இல்லை. இவன் தொழிலே அவரிடம் கற்றதுதான்.

விழுப்புரத்திலிருந்து கொழுந்தனார் கடிதம். எல்லப்பன் நின்றுவிட்டால் மறுநாளே இடத்தைக் காசெட் கடைக்கு விடுவாராம். நான்கு எழுத்துப் பிழை.

22, வியா.
ஒலக்கூரிலிருந்து தாயும் பெண்ணும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம். பெண்ணின் மோவாய் சற்று உயர்ந்திருந்தது. கை நீட்டினேன். தாய் பாய்ந்தாள்.

"நீங்க தொடாதீங்கம்மா. நல்ல காரியம். பூவும் பொட்டும் வச்சவங்க கையா இருந்தா பரவால்ல. தப்பா நெனச்சிக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்தேன். எல்லப்பனுக்குச் சிரிப்பு. "அம்மா துணிக்குள்ள இருக்கட்டும், மூஞ்சி தெரியாது. நான் தொட்டு சரி பண்றேன்."

துணிக்குள் போனேன். கண்ணாடியில் தலைகீழாக அந்தப் பெண். அவன் விரல் மோவாயில். பிறகு கழுத்தில். பிறகு தாவணியில். அங்கே சரிசெய்ய ஒன்றுமில்லை. பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பெஞ்சிலிருந்த தாய்க்கு அவன் முதுகுதான் தெரிந்திருக்கும்.

வெளியே வந்தேன். "கைய எடு."

"இன்னாம்மா, தொழில் தெரியாம பேசிக்கினு..."

"சாவிய வச்சிட்டு வெளிய போ."

போகும்போது, "கழுவறதுக்கு என்கிட்டதான் வரணும்" என்றான். தாய் கத்தியது என்னைப் பார்த்து. "பெரிய பேஜாரா பூட்ச்சே! எழுந்துருடி, வேற ஸ்டூடியோ போலாம்."

பெண் அசையவில்லை. "இங்கயே எடுக்கட்டும்மா. அந்த ஆளு இல்லன்னா எனக்குப் போதும்."

தொடாமல், வாயால் சொல்லியே உட்காரவைத்தேன். நானே இரண்டு பிலிம் எடுத்தேன்.

23, வெள்ளி
மருந்து பாக்கெட்டின் மேலேயே எல்லாம் அச்சாகியிருக்கிறது, நல்ல ஆங்கிலத்தில். கைப்பழக்கமாம்! ஆனாலும் முதல் பிலிம் பாழ். மருந்துச் சூடு அதிகம். இரண்டாவதைத் தொட அரை மணி தயங்கினேன். வந்தது. முகம் கொஞ்சம் இருட்டு. கண் திறந்திருக்கிறது.

24, சனி
கொழுந்தனாருக்குக் கார்டு: "எல்லப்பனை நிறுத்திவிட்டேன். கடை திறந்திருக்கிறது."

பதினொன்றுக்குத் தாயும் பெண்ணும். படத்தை நீட்டினேன். "மேசை மேல வச்சிடுங்க, எடுத்துக்கறேன்" என்றாள் தாய். நான் வைக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே. தோள் வலித்தது.

பெண் வந்து என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டாள். தாய் என்னை முறைத்தாள். நானும்.