நீலக் கரடி ஆட்டத்தின் முதல் விதி

திருப்பாச்சூர்,
20-6-1977

அமெரிக்காவைக் கட்டி ஆளும் மாப்பிள்ளை லோகநாதன் அவர்களுக்கு, ராஜமாணிக்கம் எழுதிக்கொண்டது. திருவள்ளூரில் உங்கள் அண்ணன், அண்ணி, அவர்கள் மகள் ரத்னா மூவரும் சௌக்கியம். இங்கே என் நாற்றங்காலும் பம்புசெட்டும் சௌக்கியம். உங்கள் அண்ணிக்கு அண்ணனாகப் பிறந்த நான் மட்டும் சௌக்கியமில்லை. காரணம் நீங்கள்.

ரத்னாவுக்கு நீங்கள் அனுப்பிய பெட்டி வந்தது. அதைச் சுமந்து வந்த தபால்காரர் கலியனுக்கு இன்னும் முதுகு நிமிரவில்லை. அந்த ஊர் டி.வி.யில் ஓடும் நீலக் கரடி பொம்மைப் படமாம். அதை அட்டையில் அச்சடித்து, நடுவில் சுற்றுகிற முள் வைத்து ஆட்டமாக்கியிருக்கிறார்கள். தெருவில் ஒருவர் வீட்டிலும் டி.வி. கிடையாது. ஆனாலும் அந்தக் கரடியைப் பார்க்கத் திருத்தணி வரைக்கும் வரிசை நின்றது.

ரத்னா நடக்கப் பழகியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் நான்தான். தாயத்தில் என்னை அழவைத்துத்தான் அனுப்புவாள். பெட்டி வந்த வாரம், சைக்கிளில் வேர்க்கடலை மூட்டையோடு போய் நின்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அங்கியே வச்சிட்டுப் போ மாமா, சித்தப்பா ஆட்டம் ஆடிக்கினு கீறோம்" என்றாள். உலக யுத்தத்தில்கூட எவன் தலையிலும் அப்படி ஒரு குண்டு விழுந்திருக்காது.

அப்போதுதான் அந்த இங்கிலீஷ் விதித் தாள் கண்ணில் பட்டது. பிள்ளைகளுக்குப் படிக்க வரவில்லை. உங்கள் அண்ணன் வீட்டில் இல்லை. நான் எட்டாவது படித்த மகாபண்டிதன். கண்ணாடியை மாட்டி, தொண்டையைச் செருமி, முதல் விதியை வாசித்தேன்: தாய்மாமன் பக்கத்தில் உட்காராமல் எந்தப் பிள்ளையும் முள்ளைச் சுற்றக் கூடாது. காது குத்தவே மாமன் மடி வேண்டும் என்றிருக்கும்போது யார் சந்தேகப்படுவார்கள்? ரத்னா நகர்ந்து இடம் விட்டாள்.

மூன்று ஞாயிறு சக்கரவர்த்தியாக இருந்தேன். தெருப் பிள்ளைகள் ஆளுக்கொரு மாமனை இழுத்து வந்தார்கள். குப்புராஜ் வீட்டுப் பெண் ஆர்.கே.பேட்டையிலிருந்தே ஒருவரை பஸ்ஸில் வரவழைத்துவிட்டாள்.

நேற்று எதிர்வீட்டுச் சாராள் வந்தாள். அவள் மாமன் யேசுதாஸுக்குக் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஞாயிறும் ஷிப்டு. விதிப்படி ஆட முடியாது என்று ரத்னா அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். அந்தக் குழந்தை அழவில்லை. ஆட்டம் முடிகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுப் போனாள். நான் வாயைத் திறக்கவில்லை, மாப்பிள்ளை. திறந்தால் என் இடம் போய்விடும்.

பிறகு ரத்னாவே, "இன்னா மாமா ரூல் இது? சித்தப்பாவயே கேட்டுர்றேன்" என்று உங்களுக்கு எழுதி, தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். அதுவும் இந்த உறையில்தான் இருக்கிறது. கிழித்துவிடக் கை துடித்தது. கிழிக்கவில்லை. இதற்கே எனக்குத் தேரடியில் சிலை வைக்கலாம்.

வருகிற ஞாயிறு, தாளின் பின்பக்கத்தை இப்போதுதான் கவனித்தேன் என்று சொல்லி இன்னொரு விதி வாசிக்கப் போகிறேன்: மாமன் வர முடியாத பிள்ளைக்கு, அங்கே இருக்கிற எந்த மாமனும் மாமனே. சாராளுக்குப் பக்கத்தில் நானே உட்காருவேன். நீங்களும் ரத்னாவுக்கு அப்படியே பதில் எழுதுங்கள். முதல் விதியை மட்டும் அடித்துவிடாதீர்கள். இன்னும் இரண்டு வருஷத்தில் அவளுக்கே இங்கிலீஷ் வந்துவிடும். தாளை அவளே படித்துக்கொள்வாள். அதுவரைக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

நீங்கள் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஊருக்கு வரும்போது வெறுங்கையோடு வந்தாலே போதும்.

இப்படிக்கு,
ரத்னாவின் ஒரே தாய்மாமன்
ராஜமாணிக்கம்