எட்டாம் நம்பரில் வா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்குப் பிடிக்காத பேச்சு வந்ததும் "சிக்னல் இல்லம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. முழுக்கப் படி.

உன் பயணத் திட்டத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் நாட்டு அணி நம் ஊர் மைதானத்தில் ஆட வருகிறது, கூடவே நாற்பது ரசிகர்கள் வருகிறார்கள், அதில் நீங்கள் இரண்டு பேரும் உண்டு. காலையில் விமானம், அங்கிருந்து ஏசி கோச் பஸ், நேராக மைதானம். ஆட்டம் முடிந்ததும் அதே கோச்சில் மறுபடி விமான நிலையம். கடைசியில் "ஊருக்குள்ள வர நேரம் இல்லம்மா" என்று ஒரு வரி. இருபத்தொன்பது வருஷமாகப் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருப்பவளிடமே நேரமில்லை என்கிறாயே, உன் வாய்க்கொழுப்பு இன்னும் குறையவில்லை.

அந்தக் கோச் புறவழிச்சாலையில் போகும். ஜன்னல் வழியாகக்கூட நம் தெரு தெரியாது. ஆறு வருஷம் கழித்து ஊருக்கு வந்து, வீட்டுக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து பந்தாட்டம் பார்த்துவிட்டுப் போவாயா? நான் விடமாட்டேன்.

டாக்ஸியும் வேண்டாம். அன்றைக்கு மைதானத்துக்கு மூன்று கிலோமீட்டர் முன்னாலேயே கார், டாக்ஸி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். ஆட்டக் கமிட்டி பளபளவென்று ஒரு வழிகாட்டி அச்சடித்திருக்கிறது. அதில் ரயில் நிலையத்திலிருந்து மைதானத்துக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் நடந்து போகலாம் என்று போட்டிருக்கிறார்கள். எழுதிய புண்ணியவான் வரைபடத்தில் விரலால் நடந்திருக்கிறான். நடுவில் ரயில்வே கேட் இருக்கிறது. ஸ்பெஷல் ரயில்கள் ஓடும் நாளில் அந்தக் கேட் திறந்து மூடுவதற்குள் பாதி ஆட்டம் முடிந்துவிடும்.

இந்த அழகில், எட்டாம் நம்பர் டவுன் பஸ்ஸை அன்றைக்கு நிறுத்தப் போவதாக எங்கள் மேனேஜர் கூட்டம் போட்டுச் சொன்னார். தும்மினால்கூட அதற்கு ஒரு சர்க்குலர் அனுப்புகிற மனிதர், அதனால் டெப்போவில் அவருக்குச் சர்க்குலர் என்றே பெயர். வெளிநாட்டு ரசிகர்கள் டவுன் பஸ்ஸில் ஏறமாட்டார்கள், வண்டி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் என்றார். நான் எழுந்து நின்றேன். "ஏன் சார், அவங்களுக்குக் கால் இல்லையா, கை இல்லையா? கேட்டுல மாட்டிக்கிட்டு நிக்கிறவங்களை நீங்க தோள்ல தூக்கிட்டுப் போவீங்களா? கேட்டுப் பக்கம் போகாம, ரயில் பாலத்துக்கு அடியில நுழைஞ்சு போறது எட்டாம் நம்பர் மட்டும்தான்" என்றேன். போன தடவை ஸ்பெஷல் ரயில்கள் விட்ட நாளில் கேட் மூடியிருந்த நேரத்தையெல்லாம் கேட் கீப்பரிடம் வாங்கி எழுதி வைத்திருந்தேன். அதை மேஜையில் போட்டேன். கடைசியில் "உங்க பொறுப்புல ஓட்டுங்கம்மா, ஏதாவது ஆச்சுன்னா என்கிட்ட வராதீங்க" என்றார். வரமாட்டேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்காகச் சண்டை போட்டேன் என்று டெப்போவில் பெருமையாகப் பேசுகிறார்கள். பேசட்டும். உனக்காகத்தான் போட்டேன்.

ஆகவே நீங்கள் இரண்டு பேரும் விமான நிலையத்தில் கோச்சை விட்டுவிட்டு ரயில் ஏறுங்கள். பன்னிரண்டு இருபதுக்கு இங்கே வரும். நிலையத்து வாசலில் பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு எட்டாம் நம்பர் நிற்கும். ஒரு மணிக்குள் வீடு. அடுத்த வண்டி இரண்டு ஐம்பதுக்கு நம் ஸ்டாப்புக்கு வரும், நாலு மணி ஆட்டத்துக்குத் தாராளமாகப் போய்ச் சேரலாம். ரயில் தாமதமானால் என்ன செய்வது என்று பயப்படாதே. அன்றைக்கு எனக்கு நிலையத்து வாசலில்தான் டூட்டி, வண்டி புறப்பட விசில் ஊதுவது நான். நீங்கள் ஏறாமல் ஊதமாட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு வண்டியைக்கூட வேண்டுமென்று தாமதமாக அனுப்பியதில்லை. அன்றைக்கு அனுப்புவேன், சர்க்குலர் என்ன செய்கிறார் பார்க்கலாம்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியை ஓட்டப் போவது உன் அப்பா.

டூட்டி சார்ட் போடுவதும் நான்தானே. வேண்டுமென்றேதான் போட்டேன். "அந்த ஆளோட இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நீ என்னைத்தான் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை. அவருடைய கோபத்தைவிட என் மௌனம்தான் பெரிய தப்பு, மகளே. அந்த வாசற்படியில் பாதி என்னுடையது. மாப்பிள்ளை எந்த நிறத்து ஜெர்சி போட்டுக்கொண்டு வந்தாலும் கதவைத் திறப்பேன்.

அவரும் கல் இல்லை. மூன்று முறை அவர்மேல் புகார் வந்திருக்கிறது, உனக்குத் தெரியாது. நீர்த்தொட்டி ஸ்டாப்பில் ஏறவும் ஆளில்லாமல் இறங்கவும் ஆளில்லாமல் வண்டியை நிறுத்துகிறாராம், பயணிகளுக்கு எரிச்சல். நம் தெரு ஸ்டாப், நீ பள்ளிக்கூடத்துக்கு ஏறிய இடம். மூன்று முறையும் விளக்கக் கடிதத்தில் "பழக்க தோஷம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். மூன்றையும் நான்தான் ஃபைலில் வைத்தேன். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

சார்ட்டை ஒட்டிய அன்று அவர் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். வீட்டுக்கு வந்து "வேணும்னே போட்டிருக்க" என்றார். "ஆமா, வேணும்னேதான். மாத்தணும்னா எழுதிக் கொடுங்க" என்றேன். எங்கள் டெப்போவில் ஒரு டூட்டி வேண்டாமென்றால் மறுநாள் சாயங்காலத்துக்குள் டிரைவர் நோட்டில் எழுத வேண்டும். முழங்கால் வலி, கண் எரிச்சல் என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறார். மறுநாள் சாயங்காலமும் எழுதினார். அவர் போன பிறகு நோட்டைத் திறந்தேன்.

"எட்டாம் நம்பரில் முன்கதவு இறுகுகிறது. ஆட்ட நாளுக்குள் சரிசெய்து தரவும்." அவ்வளவுதான் இருந்தது.

நேற்றே மெக்கானிக்கைப் பிடித்துச் சரிசெய்துவிட்டேன். நானே நாலு முறை திறந்து மூடிப் பார்த்தேன்.

அதனால் பின்கதவில் ஏறாதே, இரண்டு பேரும் முன்கதவில் ஏறுங்கள். அவர் பேசமாட்டார், நீயும் பேச வேண்டாம். கண்ணாடியில் பார்ப்பார், பார்க்கட்டும். விசில் ஊதிவிட்டு நானும் ஏறிக்கொள்வேன். மைதானம் வரை ஓட்டிவிட்டு, ஒன்றே முக்காலுக்குச் சாப்பாட்டு இடைவேளையில் அவர் வீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

நீர்த்தொட்டி வரும்போது பெல் அடிக்காதே, கண்ணு. அவராகவே நிறுத்துவார். இந்த ஒரு தடவையாவது அங்கே இறங்க ஆள் இருக்கட்டும்.

இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

வழி பார்த்து நிற்கும்,
அம்மா