தட்டையாக அளந்த தூரம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் கால் வீக்கம் மட்டும் நாளுக்கொரு பதில் சொல்கிறது. உன் ஆபரேஷன் நெருங்குகிறதே, நீ தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் குழப்பிவிடுவேன் என்பதால் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. விமானம் போகும் தூரம்.
2. அதற்கு ஆகும் நேரம்.
3. நாங்கள் ஏன் வர முடியாது என்பது.

சுவரில் இருக்கும் உலகப் படத்தில் நம் ஊருக்கும் உன் ஊருக்கும் இடையே ஸ்கேல் வைத்து அளந்தேன். டிக்கெட் போடுபவர் சொன்னதைவிட மூவாயிரம் கிலோமீட்டர் அதிகம் வந்தது, திரும்ப அளந்தும் அதேதான். அவரிடமே போய்க் கேட்டேன். கம்ப்யூட்டரில் பாதையைக் காட்டினார், விமானம் வடக்கே பனிப்பிரதேசம் வரை வளைந்து ஏறி இறங்குகிறது. சுற்றிப் போனால் தூரம் எப்படி ஐயா குறையும் என்றேன். உருண்டையில அதுதாங்க குறுக்குவழி, நீங்க நில அளவை ஆபீஸ்லதானே இருந்தீங்க என்று சொல்லி டீ வரவழைத்தார். படித்தது மறக்கவில்லை குட்டிம்மா, ஆனால் முப்பது வருடமாக நான் வரைந்த நிலமெல்லாம் தட்டை, கை அதற்கே பழகிவிட்டது.

நேரம் இன்னும் மோசம். வருவதற்குப் பதினாறு மணி நேரமாம், திரும்புவதற்குப் பதினாலாம். ஒரே பாதைக்கு இரண்டு கணக்கா என்றால், காற்று என்கிறார், பஸ்ல போறப்ப இதெல்லாம் கேட்டீங்களா என்று சிரிக்கிறார். இங்கே விடியுமுன் ஏறினால் அத்தனை நேரம் பறந்தும் அதே நாள் காலையில்தான் அங்கே இறங்குவோமாம். அப்படியானால் அம்மாவின் மதிய மாத்திரையை எப்போது கொடுப்பது, நடுவில் மதியம் என்று ஒன்று வருமா வராதா, எனக்குப் புரியவில்லை.

ஆகவே மூன்றாவது. அம்மாவின் கால் அவ்வளவு நேரம் தாங்காது. நடுநடுவே எழுந்து நடந்தால் போகலாம் என்று டாக்டர் சொன்னார்தான், ஆனால் அவர் கூடவே பறக்கப்போவதில்லையே. உன் பக்கத்தில் மாப்பிள்ளை இருக்கிறார், டிக்கெட் போட வேண்டாம்.

இதுவரை எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமல், காலு என்னுது, பயம் உங்களுது, மேப்புல வச்ச ஸ்கேலை என் கால்ல வைக்காதீங்க என்றாள். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். டாக்டர் சொன்ன இறுக்கமான காலுறை. ஒரு வாரமாகப் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்து பழகுகிறாளாம். குளிருக்கு என்று நினைத்திருந்தேன். அவள் மடித்துக்கொண்டிருந்ததும் பெட்டியில் வைப்பதற்கான துணிதான், அதில் என் சட்டைகளும் இருந்தன.

நீ நல்லபடியாக எழுந்து நடமாட எங்கள் இருவரின் ஆசிகள். கனமான எதையும் தூக்காதே, மாப்பிள்ளையையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. அடித்தால் பார்க்க நன்றாக இராது என்று விட்டிருக்கிறேன். இரண்டு டிக்கெட் போடு.

இப்படிக்கு,
அப்பா